கருவின் உயிர்த்தொடக்கமும் தாயின் உயிரும்: கருக்கலைப்புக் குறித்த கிறித்தவ நோக்கு (திண்டிவனம், விழுப்புரம் பகுதியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

கருக்கலைப்பைப் பற்றிய கிறித்தவ விவாதம் பெரும்பாலும் ‘மனித உயிர் எந்தக் கணத்தில் தொடங்குகிறது’ என்னும் ஒற்றை வினாவில் நின்றுவிடுகிறது. திருச்சபை வரலாற்றில் கருக்கலைப்புக்கான தடை இவ்வினாவின் விடையைச் சார்ந்து நிற்கவில்லை. தண்டனையின் அளவே அதனைச் சார்ந்திருந்தது. இதனை விவிலியப் பகுதிகள், அவற்றின் தமிழாக்கம், திருச்சபைச் சட்டங்கள், இந்தியத் தண்டனைச் சட்டம் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓரிரவில் நிகழ்ந்த மூன்று பேறுகால மரணங்கள், இவ்விவாதத்தில் தாயின் உயிருக்குரிய இடத்தை உணர்த்தும் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

குறிச்சொற்கள்: கருக்கலைப்பு, உயிர்த்தொடக்கம், யாத்திராகமம், ஐடா ஸ்கடர், திண்டிவனம், விழுப்புரம், கழுவாய்

முன்னுரை

1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான விழுப்புரம், கிறித்தவ மறைப்பணியின் பல ஓடைகள் வந்து கலந்த நிலம். புதுச்சேரியை நடுவமாகக் கொண்ட கத்தோலிக்கப் பணி, 1860-களிலிருந்து கடலூர்ப் பகுதியில் ஊன்றிய டேனிய லுத்தரன் பணி, 1853-இல் தொடங்கி வட, தென் ஆர்க்காட்டுப் பகுதிகளில் பரவிய அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் என மூன்றும் இங்குப் பள்ளியும் மருந்தகமும் கோயிலும் கட்டின. ஆகவே இப்பகுதியில் ‘கிறித்தவ நோக்கு’ என்று ஒருமையில் பேசுவதற்கே ஒரு தயக்கம் வேண்டும். ஆயினும் கருக்கலைப்பைப் பற்றிய பேச்சு எழும்போது இச்சபைகளின் மேடைகளில் பொதுவாக எடுத்தாளப்படும் வாதம் ஒன்றே: கருவுற்ற கணத்திலேயே மனித உயிர் தொடங்குகிறது, ஆகவே கருவைக் கலைத்தல் கொலை.

இவ்வாதத்தில் இரண்டு கூற்றுகள் உள்ளன. முன்னது உயிரியலும் இறையியலும் சார்ந்தது; பின்னது அறம் சார்ந்தது. முன்னதிலிருந்தே பின்னது பிறக்கிறது என்பது வாதத்தின் அமைப்பு. கிறித்தவ வரலாறு காட்டும் உறவு இதுதானா என்பதும், இவ்வாதத்தில் கருவைச் சுமக்கும் பெண் எங்கு நிற்கிறாள் என்பதும் ஆராயத்தக்கவை. இரண்டாம் வினாவுக்குத் திண்டிவனத்திலேயே ஒரு சான்று உண்டு. எனவே அங்கிருந்து தொடங்குவது பொருந்தும்.

1. திண்டிவனத்தில் ஓரிரவு

யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியைத் தொடங்கிய மூத்த ஜான் ஸ்கடரின் பெயர்த்தி ஐடா ஸ்கடர். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த இவர், அமெரிக்காவில் கல்வி பயின்று, நோயுற்ற தாய்க்குத் துணையாக 1890-இல் திண்டிவனம் வந்தார். மறைப்பணியாளராகும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. அவர்தம் தந்தையார், அதே பெயருடைய இளைய ஜான் ஸ்கடர், அங்கு மருத்துவராகப் பணியாற்றிவந்தார்.

ஓரிரவு, பேற்றுவலியில் துன்புற்ற தம் மனைவியர்க்கு உதவி கேட்டு மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் உயர்சாதி இந்து. தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் வருவார் என்று ஐடா கூறியபோது மூவரும் மறுத்தனர். அந்நிய ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு மருத்துவம் பார்ப்பதை அவர்களின் வழக்கம் ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். இந்நிகழ்வின் ஆண்டு நூலுக்கு நூல் சற்று வேறுபட்டாலும் நிகழ்வின் அமைப்பு மாறுவதில்லை. ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் திண்டிவனத்து மரணங்களில் இருக்கிறது.

இவ்வரலாறு பலமுறை சொல்லப்பட்டது. மறைப்பணிப் பெருமையாகவே பெரும்பாலும் சொல்லப்பட்டது. இதில் கவனிக்கத்தக்க ஒரு கூறு உண்டு. வந்த ஆடவர்களைச் சாதியாலும் சமயத்தாலும் அடையாளம் காட்டும் கதை, இறந்த பெண்களின் பெயரைத் தருவதில்லை. மேலும், ‘மூன்று பெண்கள் இறந்தனர்’ என்றே கதை எண்ணுகிறது. வயிற்றிலிருந்த பிள்ளைகள் தனியே எண்ணப்படுவதில்லை. இன்றைய உயிர்த்தொடக்க வாதத்தின் கணக்குப்படி அவ்விரவின் இழப்பு மூன்று அன்று. எனினும் அவ்விரவை நினைவுகூரும் கிறித்தவர் எவரும் அவ்வாறு எண்ணியதில்லை என்பது, கிறித்தவ உள்ளம் இயல்பாக எதை முதலில் துயரமாகக் கண்டது என்பதை உணர்த்தும்.

தமிழ் நாட்டு மரபில் இதற்கு இணையான ஒன்றைக் காணலாம். சூலுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவது நம் ஊர்ப்புற வழக்கம். இறக்கி வைக்கப்படாத சுமையோடு சென்றவளுக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்கும் கல் நிற்கிறது. அக்கல் தாயையும் பிள்ளையையும் பிரித்து எண்ணுவதில்லை. கருவுற்ற பெண்ணை ‘ஈருயிர்க்காரி’ என்று சுட்டும் பேச்சு வழக்கும், நல்ல பேற்றைத் ‘தாய் வேறு சேய் வேறாதல்’ என்று வேண்டும் வழக்கும் இதே நோக்கைக் கொண்டவை. ஈருயிர் என்னும் சொல் கருவுக்கு உயிரை மறுக்கவில்லை. ஆயினும் அவ்வுயிரைத் தாயின் பெயராலேயே சுட்டுகிறது.

2. வேதவசனமும் தமிழ்ச்சொல்லும்

கருவின் உயிர் பற்றிப் பேசும் கிறித்தவர் வழக்கமாக எடுத்துக்காட்டுவன எரேமியா முதல் அதிகாரம், சங்கீதம் 139, லூக்கா முதல் அதிகாரம் ஆகிய மூன்றும். இவை கருவைப் பொருட்படுத்தத்தக்க ஒன்றாகக் காண்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை ஒரு கால எல்லையைத் தருகின்றனவா என்பது வேறு வினா.

எரேமியாவின் பகுதி, தாயின் வயிற்றில் உருவாக்குவதற்கு முன்னரே இறைவன் தம் ஊழியனை அறிந்திருந்ததாகக் கூறுகிறது. இது இறைவனின் முன்னறிவைப் பற்றிய கூற்று. இதனைக் கருவின் உயிர்த்தொடக்கத்துக்குச் சான்றாகக் கொண்டால், கருவுறுதலுக்கும் முன்னரே உயிர் இருந்தது என்று கொள்ள நேரும். அதனைத் திருச்சபை ஏற்பதில்லை. ஓரிகன் என்னும் அலெக்சாந்திரியரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஆன்ம முன்னிருப்புக் கொள்கை மறுக்கப்பட்டதை இறையியல் மாணவர் அறிவர். சங்கீதம் 139-இல் எபிரேயத்தில் ‘கோலெம்’ என வரும் சொல், இன்னும் வடிவு பெறாத திரளைக் குறிப்பது. தமிழ் ஐக்கியத் திருப்புதல் இதனைக் ‘கரு’ என்கிறது. தமிழில் ‘கரு’ என்பது முட்டையின் உட்பொருள் முதல் கதையின் மூலம் வரை எதற்கும் பொருந்தும் விரிந்த சொல். வடிவின்மை என்னும் மூலப்பொருள் தமிழில் மங்கிவிடுகிறது. யோபுவின் நூலோ கரு உருவாவதைப் பால் தயிராய் உறைவதற்கு ஒப்பிடுகிறது. அங்கே உருவாக்கம் படிப்படியானது.

லூக்காவில் நிலைமை மாறுகிறது. எலிசபெத்தின் வயிற்றில் துள்ளியதைக் குறிக்கக் கிரேக்கத்தில் ‘பிரெஃபோஸ்’ என்னும் சொல் ஆளப்படுகிறது. தொழுவத்தில் கிடந்த பச்சிளங்குழந்தைக்கும் அடுத்த அதிகாரத்தில் அதே சொல். தமிழாக்கமும் ஐக்கியத் திருப்புதலில் இரண்டிடத்தும் ‘பிள்ளை’ என்றே தருகிறது. தமிழ்க் காதுக்கு இது இயல்பானது. ‘பிள்ளை உண்டாகியிருக்கிறாள்’, ‘பிள்ளைத்தாய்ச்சி’ என்பன விழுப்புர வட்டாரத்தின் நாள்வழக்கு. மூன்று பகுதிகளுள் வலிமையான சான்று இதுவே எனலாம். ஆனால் எலிசபெத்து அப்போது ஆறாம் மாதத்தில் இருந்தாள் என்பதையும் லூக்காவே குறிப்பிடுகிறார். பிள்ளை துடிப்பது தாய்க்குத் தெரியும் மாதம் அது.

பேச்சுவழக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. மாதவிலக்கு நின்ற தொடக்க நாள்களில் ‘நாள் தள்ளிப்போயிருக்கிறது’ என்பர். உறுதிப்பட்ட பின்னரே ‘பிள்ளை உண்டாதல்’. மக்கள் மொழி ஒரு படிநிலையைத் தன் போக்கில் வைத்திருக்கிறது. இதனை இறையியலாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் தமிழ்க் கிறித்தவப் பெண் தன் உடலைப் பற்றி எண்ணும் மொழி இதுவாகும்.

3. யாத்திராகமம் 21: ஒரு சட்டமும் இரு வாசிப்புகளும்

கருவின் இழப்பை நேரடியாகப் பேசும் விவிலியச் சட்டம் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தின் 22, 23-ஆம் வசனங்களில் உள்ளது. கத்தோலிக்கர் இந்நூலை விடுதலைப் பயணம் என்பர். ஆடவர் சண்டையிடுகையில் கருவுற்ற பெண் ஒருத்தி அடிபட்டுக் கரு வெளிப்பட்டுவிட்டால், வேறு கேடில்லாதபோது அடித்தவன் பெண்ணின் கணவன் கேட்கும் தண்டத்தைக் கொடுக்கவேண்டும். கேடு விளைந்தால் உயிருக்கு உயிர் என்னும் நெறி செயற்படும்.

எபிரேய மூலம் சுருக்கமானது. ‘பிள்ளைகள் வெளிவருதல்’ என்பதே அதன் சொற்பொருள். அது கருச்சிதைவா, குறைமாதப் பிறப்பா? கேடு யாருக்கு, தாய்க்கா பிள்ளைக்கா? கருச்சிதைவு என்று கொண்டால், கருவின் இழப்புக்குத் தண்டமும் தாயின் இழப்புக்கு உயிரும் விலையாகின்றன. சட்டம் இரண்டையும் ஒரே நிறுவையில் வைக்கவில்லை என்றாகும். குறைமாதப் பிறப்பு என்று கொண்டால், பிள்ளைக்கு நேரும் கேட்டுக்கும் உயிருக்கு உயிர் என்றாகிவிடும். ஒரு சொல்லின் பொருளில் முழு வாதமும் புரள்கிறது.

தமிழ் ஐக்கியத் திருப்புதல் கரு விழுதல் என்னும் பொருளைக் கொண்டு, வேறு சேதத்தைப் பெண்ணுக்கு உரியதாகவே அமைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையினரிடையே பரவிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் குறைமாதப் பிறப்பு என்னும் பொருளை மூலத்திலேயே வைத்தன. 1978-இல் நிறைவுற்ற புதிய பன்னாட்டுப் பதிப்பு இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அங்குக் கருக்கலைப்பு அரசியல் வினாவாக வெடித்த ஆண்டுகள் அவை. இன்று தமிழகத்தில் ஆங்கில விவிலியத்தைக் கொண்டு ஆயத்தம் செய்து தமிழில் பேசும் போதகர், தம் சபையார் கையிலிருக்கும் தமிழ் விவிலியம் வேறு பொருள் தருவதைக் கவனிக்காமலே கடந்துபோக வாய்ப்புண்டு.

இவ்வசனத்தின் மூன்றாவது வடிவமே வரலாற்றில் மிகுந்த விளைவை உண்டாக்கியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவசிந்தா, ‘கேடு’ என்னும் சொல்லை விடுத்து, உருவம் பெற்ற கரு, உருவம் பெறாத கரு என்னும் வேறுபாட்டைப் புகுத்தியது. உருவம் பெறாததற்குத் தண்டம்; உருவம் பெற்றதற்கு உயிருக்கு உயிர். எபிரேயத்தில் இல்லாத இவ்வேறுபாடு கிரேக்க மருத்துவ அறிவிலிருந்து வந்தது. ஆண் கரு நாற்பது நாளிலும் பெண் கரு தொண்ணூறு நாளிலும் உருப்பெறும் என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்து. பெண் கருவுக்கு உயிர் வர இருமடங்குக்கு மேல் நாளாகும் என்று எண்ணிய அறிவியலும் ஒரு காலத்தில் கோலோச்சியது.

4. தடை ஒன்று, தண்டனை பல

மேற்கண்ட வேறுபாட்டைத் திருச்சபைத் தந்தையர் பலர் ஏற்றனர். யாத்திராகமப் பகுதிக்கு விளக்கம் எழுதிய அகுஸ்தீன், உருப்பெறாத கருவின் அழிவைக் கொலையெனக் கொள்வதில் தயங்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டத் திரட்டும் ஆன்மா புகுமுன் கருவைக் கலைத்தவரைக் கொலையாளி என்று கொள்ளவில்லை. தாமஸ் அக்குவினாஸ் தாவர ஆன்மா, விலங்கு ஆன்மா, பகுத்தறிவு ஆன்மா எனக் கரு படிப்படியாக உயர்வதாகக் கண்டார். மறுபுறம், நான்காம் நூற்றாண்டுப் பேராயர் பேசில், உருவம் பெற்றது பெறாதது என்னும் நுணுக்கம் தமக்குத் தேவையில்லை என்று தள்ளினார். தெர்த்துல்லியனோ ஆன்மாவும் உடலும் ஒருங்கே தோன்றுவதாகக் கருதினார்.

இவர்களுள் கருக்கலைப்பை ஆகுமென்று கூறியவர் ஒருவரும் இல்லை. மிகப் பழைய கிறித்தவ ஒழுக்க நூல்களுள் ஒன்றான ‘திதாக்கே’ அதனை விலக்குகிறது. கி.பி. 314-இல் கூடிய அன்கீரா மன்றம் கருவைக் கலைத்த பெண்ணுக்குப் பத்தாண்டுக் கழுவாயை விதித்தது. அதற்கு முன்னிருந்த வாழ்நாள் விலக்கைத் தளர்த்தியே இவ்வாறு விதித்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஆக, உயிர் எப்போது புகுகிறது என்பதில் பிளவுபட்டவர்களும், தடையில் ஒன்றுபட்டனர். அவர்கள் கருத்து வேறுபட்டது குற்றத்தின் பெயரிலும் கழுவாயின் அளவிலும்தான்.

திருத்தந்தையரின் ஆணைகளிலும் இதே அலைவைக் காணலாம். ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1588-இல் எந்நிலைக் கருவாயினும் கலைத்தல் கொலையே எனக் கடுந்தண்டனை விதித்தார்; மூன்றே ஆண்டுகளில், 1591-இல் பதினான்காம் கிரகோரி ஆன்மா புகுந்த கருவுக்கு மட்டும் அத்தண்டனையை வரையறுத்தார். 1827-இல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபொன் பேயர் பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கண்டறிந்தபின் நாற்பது, தொண்ணூறு நாள் கணக்கு மருத்துவ அடிப்படையை இழந்தது. 1869-இல் ஒன்பதாம் பத்திநாதர் அவ்வேறுபாட்டைத் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கினார். அதன்பின்னும், 1974-இல் உரோமை வெளியிட்ட கருக்கலைப்புப் பற்றிய அறிக்கை, ஆன்மா புகும் கணத்தைத் தாம் தீர்மானிக்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறிவிட்டே, ஐயம் இருக்குமாயினும் கொலையாகக்கூடிய செயலைத் துணிதல் பெரும்பாவம் என வாதிடுகிறது. மிகக் கண்டிப்பான சபையின் ஆவணமே தடையை உயிர்த்தொடக்கத் தேதியின்மேல் கட்டவில்லை. மேடைப்பேச்சு தன் சபையின் ஆவணத்தைவிட உறுதியாகப் பேசுவது வியப்புக்குரியதே.

இறையியலின் இத்தயக்கத்துக்குக் கருவியல் தரும் காரணங்களும் சில உண்டு. கருவுற்ற முட்டை கருப்பையில் பதியத் தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒன்று இரண்டாகப் பிளந்து ஒத்த இரட்டையராகும் வாய்ப்பு இரண்டாம் வாரம் வரை நீடிக்கிறது. இரண்டாகக்கூடிய ஒன்றைத் தனியாள் என்று எவ்வாறு கூறுவது என்னும் வினா கிறித்தவ அறவியலார் பலரை வருத்தியது. கருவுற்ற கணத்தில் மரபணுவால் தனித்த மனித உயிரி தொடங்குகிறது என்பது உயிரியல் கூற்று. அவ்வுயிரி ‘ஆள்’ ஆகுமா என்பதை நுண்ணோக்கி காட்டாது.

தமிழிலும் இதற்கு நெருங்கிய ஒரு சிந்தனை உண்டு. புறநானூற்று 34-ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் கருவைச் சிதைத்தலைப் பெருந்தீமைகளின் வரிசையில் வைக்கிறார். ஆயினும் அத்தீமைக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றார்க்கே இல்லை என்று முடிக்கிறார். தீமையின் கடுமையும் மீட்சியின் வாய்ப்பும் அங்கு ஒருங்கே நிற்கின்றன. அன்கீரா மன்றத்தாருக்கும் ஆலத்தூர் கிழாருக்கும் தொடர்பேதும் இல்லை. இருப்பினும் இரண்டிடத்தும் செயலைப் பெருந்தீமையாகக் கண்டவர்களே அதிலிருந்து மீளும் வழியையும் கூறினர். மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் கருவறையில் மாதந்தோறும் நேரும் இடர்களினின்று உயிர் தப்புவதை விரிக்கிறது. அங்குக் கரு தொடக்கத்திலிருந்தே உயிருடையது. அதன் நிலையாமையே பாடுபொருள். தமிழ்க் கிறித்தவ அறவியல் இம்மூலங்களை ஏறக்குறையத் தொடவில்லை என்பது ஒரு குறை.

5. சட்டத்தில் தங்கிய துடிப்பு

நாற்பது நாள் கணக்கு திருச்சபையிலிருந்து விலகிய பின்னரும் வேறொரு வடிவில் திண்டிவனம் நீதிமன்றம் வரை வந்து சேர்ந்தது. ஆங்கிலேயப் பொதுச்சட்டம், தாயின் வயிற்றில் பிள்ளை துடிப்பதையே உயிரின் சட்டத் தொடக்கமாகக் கொண்டது. 1803-ஆம் ஆண்டுச் சட்டம் துடிப்புக்கு முன்னும் பின்னும் வெவ்வேறு தண்டனை விதித்தது. 1837-இல் இங்கிலாந்து இவ்வேறுபாட்டைக் கைவிட்டது. ஆனால் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு அதனைத் தக்கவைத்தது: கருவுற்ற பெண்ணின் கருவைக் கலைத்தால் மூன்றாண்டு வரை சிறை, துடிப்புள்ள கருவாயின் ஏழாண்டு வரை. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவும் இதே அளவைத் தொடர்கிறது. உரோமையும் இலண்டனும் விட்டுவிட்ட பழைய கருத்து விழுப்புரத்தில் இன்றும் சட்டம்.

அப்பிரிவு தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதை விலக்குகிறது. இவ்விலக்கை விரித்ததே 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். 1964-இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு, பயிற்சியற்றோரிடம் கருக்கலைத்து இறக்கும் பெண்களைக் கருத்திற்கொண்டு பரிந்துரைத்ததன் விளைவு அது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு இருபத்துநான்கு வாரம் வரை இரு மருத்துவர் கருத்தும் போதும். கருவில் கடும் குறைபாடிருப்பின் மருத்துவ வாரியம் அதற்குப் பின்னும் இசைவளிக்கலாம். சட்டம் உயிர்த்தொடக்கத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. வாரங்களை மட்டும் எண்ணுகிறது.

6. இரண்டு உயிர்கள் எதிரெதிரே நிற்கும்போது

கத்தோலிக்க அறவியல், கருவை நேரடியாக அழிப்பதை எந்நிலையிலும் ஏற்பதில்லை. தாயைக் காக்கச் செய்யும் மருத்துவத்தின் விளைவாகக் கரு இறப்பதை மட்டும் இருவிளைவு நெறியால் ஏற்கிறது. கருப்பைப் புற்றுக்காகக் கருப்பையை நீக்குதலும், கரு தங்கிய கருக்குழாயை அகற்றுதலும் வழக்கமான எடுத்துக்காட்டுகள். சீர்திருத்தச் சபைகளில் ஒரே தலைமைப் பீடம் இல்லாமையால், தாயின் உயிருக்கு இடரெனில் கருவைக் கலைக்கலாம் என்று வெளிப்படையாகக் கொள்வோர் பலர். கருவை மனிதனாகவே கண்டு அதன் அழிவைக் கடுமையாகக் கண்டித்த கால்வினின் வழிவந்த சபையினரிலும் இவ்விலக்கை ஏற்போர் உண்டு.

இந்நெறிகள் மருத்துவர் அருகில் இருக்கும் சூழலை முன்னிட்டு எழுந்தவை. திண்டிவனத்து இரவில் தேர்வே எழவில்லை. தாயா பிள்ளையா என்று யாரும் முடிவெடுக்கவேண்டிய நிலை வருமுன்னரே, பெண்ணைத் தொடுவது யார் என்னும் வினாவில் இரண்டு உயிரும் போயின. மருத்துவர் அவ்வூரிலேயே இருந்தார். வர ஆயத்தமாகவும் இருந்தார். ஐடா ஸ்கடர் அதற்கு அளித்த விடை, பெண் மருத்துவரை உருவாக்குவது. கருவின் உயிரைக் காப்பதற்கு அதனினும் பயனுள்ள செயலை உயிர்த்தொடக்க விவாதம் இப்பகுதியில் இதுவரை ஈன்றதில்லை.

7. இன்றைய விழுப்புரம்

2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபின் பேறுகால மருத்துவத்துக்கு வேலூருக்கோ புதுச்சேரிக்கோ ஓடவேண்டிய கட்டாயம் குறைந்தது. ஆயினும் வினா வேறு உருவில் திரும்பியது. பெண் சிசுவைக் கைவிடாமல் அரசிடம் ஒப்படைக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குழந்தைப் பாலின விகிதம் சரிந்ததையடுத்து விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெண் என்பதற்காகவே கருவைக் கலைப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தும் நிலைமை இது. எல்லாக் கருக்கலைப்பும் ஒன்றே எனப் பேசும் வாதத்தால், வரதட்சணைக்கு அஞ்சிக் கலைக்கப்படும் பெண் கருவைப் பற்றித் தனியே ஒன்றும் சொல்ல இயலவில்லை. வரதட்சணை வாங்கும் கிறித்தவக் குடும்பத்தைப் பற்றியும் அது பேசுவதில்லை. யாத்திராகமச் சட்டத்தில் தண்டம் பெறுபவன் கணவன். தண்டனைச் சட்டத்தில் தானே கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளி. இரண்டிலும் கருவுக்குக் காரணமானவனுக்கு வினா இல்லை.

மணமாகாத பெண்ணின் நிலை இன்னும் கடினமானது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், இருபத்துநான்கு வார எல்லை மணமாகாத பெண்களுக்கும் உரியது என்று தீர்ப்பளித்தது. சட்டம் அவளுக்கு மருத்துவமனைக் கதவைத் திறந்தது. சபையோ பல இடங்களில் பிள்ளையைப் பெற்றவளைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கிறது. கலைத்தவள் வெளியே தெரியாமையால் விலக்கப்படுவதில்லை. கருவைக் காப்பதாகக் கூறும் ஒழுங்கு நடவடிக்கை, கருவைக் காத்தவளையே தண்டிக்கும் முரண் இது.

கத்தோலிக்கச் சபையில் கருக்கலைப்புப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்குதல் நெடுங்காலம் ஆயருக்கும் அவர் அதிகாரம் அளித்த குருக்களுக்கும் உரியதாயிருந்தது. 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவ்வதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கினார். தடையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. திண்டிவனத்துப் பங்குக் கோயிலின் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடும் பெண், அங்கிருந்து எழுமுன்னரே தன் கழுவாயைக் கேட்டுப் பெறலாம்.